கை கழுவும் பழக்கத்தைக் கொண்டுவர யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் விரல் நுனியை நனைத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரியவர்களும்தான்! கட்டைவிரலும் நகக்கண்ணும் தண்ணீரையே பார்ப்பதில்லை. சானிடைசர் போதுமே என்கிறார்கள் சிலர். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் என்ற கிருமியிடம் அது அவ்வளவாகப் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான் சரி.

சுவரொட்டி ஒட்டினோம், யாரும் படிக்கவில்லை. அக்டோபர் 15 உலகக் கை கழுவும் தினத்தையொட்டி ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறேன். உரை வேண்டாம், தூக்கம்தான் வரும். கழிப்பறை வாசலிலேயே சோப்பு வைத்தால் பலன் இருக்குமா? அது காணாமல் போகாமல் இருக்க என்ன வழி? குழந்தைகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தால் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.