மாணிக்கக் குழிக்குள் ஆள் அகப்பட்டால் முதல் ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வது?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். இரத்தினபுரி, பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களுக்காகக் கொழும்பில் ஒரு துண்டுப்பிரசுரம் தயாரிக்கிறோம். குழி இடிந்தாலோ உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலோ, உதவி வரும்வரை மேலே நிற்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? உடனே பெக்கோவால் (மண் தோண்டும் இயந்திரத்தால்) தோண்டலாமா? 2010இல் சிலியில் 33 பேர் 69 நாள் தாக்குப்பிடித்தார்களே, இங்கேயும் அப்படி எதிர்பார்க்கலாமா?

சுரங்கக் காற்று:
மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் இறங்கவே கூடாது. இதை முதல் வரியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள் அக்கா. ஒருவர் பின் ஒருவராக இறங்கித்தான் ஒரே குழியில் மூன்று, நான்கு பேர் சாகிறார்கள்.

காரணம் பெரும்பாலும் பெற்றோல் பம்ப். மேலே வைத்த பம்ப் ஏழெட்டு மீற்றர் ஆழத்துக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. அதனால் எஞ்சினையே குழிக்குள் இறக்குகிறார்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மெழுகுதிரி இறக்கிப் பார்ப்பதும் இதற்கு உதவாது. ஒட்சிசன் 16 சதவீதமளவுக்குக் குறைந்தால்தான் சுடர் அணையும். காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும். ஆழமான குழிக்குத் தண்ணீரில் அமிழும் மின்பம்ப் பாவியுங்கள், மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

விபத்து நடந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். ஊதுகாற்றாடியில் குழாய் மாட்டி, அதன் நுனி குழியின் அடியைத் தொடும்படி இறக்கிக் காற்று ஊதுங்கள். காற்றாடி எந்தப் புகைக்கும் அருகில் நிற்கக்கூடாது. சிலிண்டர் ஒட்சிசனைக் குழிக்குள் திறந்துவிடாதீர்கள், தீப்பற்றும். வேலை தொடங்கும்போதே உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டியும் கயிறும் கட்டியிருந்தால், யாரும் இறங்காமலே மேலிருந்து இழுத்துவிடலாம்.

மண்ணும் மரமும்:
பெக்கோ வேண்டாம். அதன் எடையும் அதிர்வும் குழி விளிம்பில் விழுந்தால் மிச்சச் சுவரும் சரியும். ஒரு கனமீற்றர் ஈரமண் ஏறக்குறைய இரண்டு தொன். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும், குழியின் ஆழம் எவ்வளவோ, குறைந்தபட்சம் அவ்வளவு தூரத்துக்கு விலக்குங்கள்.

பிறகு எல்லோரும் வாயை மூடி, எஞ்சின்களை நிறுத்தி, கூப்பிட்டுக் காதுகொடுங்கள். பதில் வந்தால் அந்தத் திசையில் ஒரு குழாயைச் செருகுங்கள். காற்றும் பேச்சும் அதன் வழியே போகும். தோண்டுவது அதற்குப் பிறகு: பக்கத்தில் மரச்சட்டம் போட்டுப் புதுக்குழி இறக்கி, கீழே குறுக்காகப் போவதுதான் பாதுகாப்பான வழி. தண்ணீர் ஊறினால் மின்பம்பை ஓடவிடுங்கள், ஆனால் சடுதியாக வற்ற வைத்தால் நனைந்த சுவர் உள்நோக்கிச் சரியும்.

2023 நவம்பரில் உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் 17 நாள் அகப்பட்டிருந்தபோதும் முதலில் போனது குழாய்தான். துளையிடும் இயந்திரம் உடைந்து சிக்கியபின், கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீற்றரைக் கையால்தான் தோண்டினார்கள்.

சிலியை இதோடு ஒப்பிட வேண்டாம். அங்கே ஏறக்குறைய 700 மீற்றர் ஆழத்தில் ஒதுங்கிடமும் நடமாட நீண்ட பாதைகளும் காற்றும் தண்ணீரும் இருந்தன. மாணிக்கக் குழியில் நேரம் மணித்தியாலக் கணக்குத்தான்.

அவசரப்பிரிவு:
1990 (அம்புலன்ஸ்), 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) ஆகிய இரண்டு இலக்கங்களுக்கும் உடனே அழையுங்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி நூறு கிலோமீற்றர் என்பதால் உள்ளூர் உதவியையும் எழுப்புங்கள்.

காலோ தொடையோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மண்ணில் நசுங்கியிருந்தால், சேலைன் ஏற்றாமல் பாரத்தை எடுப்பது ஆபத்து. நசுங்கிய தசையிலிருந்து பொற்றாசியம் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தலாம். அம்புலன்ஸ் குழு சாதாரண சேலைன் தொடங்கியபின் விடுவியுங்கள். பொற்றாசியம் உள்ள ஹாட்மன் திரவம் கூடாது. ஆனால் நெஞ்சும் முகமும் மூடியிருந்தால் எதற்கும் காத்திருக்காமல் முதலில் அவற்றை விடுவியுங்கள்.

புகை சுவாசித்தவருக்கு இரத்த ஒட்சிசனை அளக்கும் விரல்நுனி ஒட்சிமானி 98 சதவீதம் காட்டினாலும் நம்பாதீர்கள். காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தமாகவே வாசிக்கும். முகமூடியால் முழு அளவு ஒட்சிசன் கொடுத்தபடியே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
நன்றி. ஹாட்மன் விஷயத்தைப் பிரசுரத்தில் போடவா, அது அம்புலன்ஸ்காரருக்கு மட்டும் போதுமா?

அவசரப்பிரிவு:
அவர்களுக்கு அது தெரியும். தொழிலாளர்கள் சொல்லவேண்டியது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு அகப்பட்டார் என்ற நேரம். அதை ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.