செலரி விதை முளைக்கலையா? இங்கிலாந்துக்குப் புதுசா வந்த தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு

கேள்வி: அண்ணா, ஊர் பாலக்கோடு. செலரி விதையைக் கொத்தமல்லி மாதிரி தூவி, அரை விரல்கடை மண் மூடியாச்சு. மூணு வாரமா ஒண்ணும் காணோம். விதை சொத்தையா?

பதில்: விதை மேல பழி போடாதீங்க தம்பி, மூடினதுதான் தப்பு. செலரி விதை ஓமத்தைவிடப் பொடி. முளைக்க வெளிச்சம் வேணும். ஈர மண்மேல தூவி, உள்ளங்கையால லேசா அழுத்தினா போதும். தட்டை சன்னலோரம் 15 டிகிரிக்குக் குறையாம வெச்சு, அடியில தண்ணி ஊத்துங்க. மேல ஊத்தினா விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிடும். முளைக்கவே 2, 3 வாரம் ஆகும்.

மார்ச்சில் தூவினா, 5, 6 இலை வந்து பனி விட்டதும், மே கடைசியில நடலாம். அவசரப்படாதீங்க. நாற்று 10 டிகிரிக்குக் கீழே பத்து நாள் கிடந்தா, பின்னாடி தண்டு கட்டாம பூத்துடும். வெளிக்காத்துக்குப் பழக்க ஒரு வாரம் பகல்ல வெளியே, ராத்திரி உள்ளே. செடிக்குச் செடி 25 செ.மீ., வரிசையா இல்லாம சதுரப் பாத்தியா நெருக்கி நட்டா ஒண்ணோட நிழல்ல இன்னொண்ணோட தண்டு வெயில் படாம வெளுத்து இளசா வரும்.

நம்ம பக்கத்து ராகிக் காட்டுப் பழக்கத்தை இங்கே மறந்துடணும். ராகி வாடினாலும் ஒரு மழைக்கு எழுந்துக்கும். செலரி சதுப்பு நிலத்துச் செடி, வேர் மேல் ஒரு சாணுக்குள்ளேயே நிக்கும். நட்ட குழியில மக்கின எருவைத் தாராளமா போடுங்க. சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் தண்ணி, மழையைக் கழிச்சுக்கலாம். நாலு நாள் காயவிட்டு மொத்தமா ஊத்தினா, சுண்ணாம்புச் சத்து நடுக்குருத்துக்குப் போய்ச் சேராது. குருத்து கறுத்து அழுகும். அப்புறம் சுண்ணாம்பு தூவி பிரயோஜனமில்ல. தண்டு நாராகி உள்ளே கூடாகிறதும் இதே கோளாறுதான்.

நத்தைக்கு ராத்திரி டார்ச் அடிச்சுப் பொறுக்குங்க, அதைவிட நல்ல மருந்து கிடையாது.

கேள்வி: கடையில வாங்கின செலரியோட அடிக்கட்டையைத் தண்ணியில வெச்சா வளருமாமே?

பதில்: இலை வரும்மா, ரசத்துக்கு ஆகும். கடைத் தண்டு மாதிரி பருமன் வராது. அந்த இலையும் கொத்தமல்லி இல்ல, ஒரு கொத்து போட்டாலே வாசம் தூக்கும். ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்தா செலரி இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. இங்கிலாந்துச் சட்டம் குறிச்ச 14 ஒவ்வாமைப் பொருள்ல அதுவும் ஒண்ணு.