கச்சான் காற்றுக்கு வாழையிலை கிழிகிறது, தென்னோலைக்கு ஒன்றுமில்லை, ஏன்?

உப்புவெளி வளவு:
கச்சான் தொடங்கியதிலிருந்து எங்கள் வளவில் நிற்கிற கதலி வாழைகளைப் பார்க்கவே முடியவில்லை, இலையெல்லாம் நார்நாராகத் தொங்குகிறது. பக்கத்தில் நிற்கிற தென்னைக்கு ஒன்றுமே ஆகவில்லை. இலை கிழிந்தால் குலை சிறுத்துப் போகுமா? மேற்குப் பக்கம் வலை கட்டவா?

தம்பலகாமம் கமக்காரன்:
தம்பி, கிழியட்டும் விடுங்கள். வாழையிலையில் நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற நரம்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரம், அவற்றைக் குறுக்கே பிடித்து வைக்கிற நரம்புகள் மிக மெல்லியவை, அதனால் இடையில் நேராகக் கிழியும். கிழிந்த கீலம் காற்றோடு திரும்பிக்கொள்ளும், முழு இலை மாதிரிப் பாய் விரித்து மரத்தை இழுக்காது. பெரிய நரம்பு அறாததால் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், கீலமும் பச்சையாகவே நிற்கும். கீலங்கள் நூலாகி ஓரம் கருகினால்தான் விளைச்சல் குறையும். ஒரு இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: மேற்பக்கம் குழிந்து வாய்க்கால் வடிவில் இருக்கும். அந்த வடிவம் இலையின் பாரத்தைத் தாங்கும், ஆனால் முறுக்கினால் இலகுவாகத் திரும்பும். காற்றடிக்கும்போது இலைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்குவது அதனால்தான்.

பச்சையிலை:
கீலம் கீலமாகப் பிரிகிற வேலையைத் தென்னை குருத்திலேயே முடித்துவிடுகிறது. ஓலை முதலில் மடிப்பு மடிப்பான ஒரே தகடாகத்தான் உருவாகும், பிறகு மடிப்பு வழியே பிரிந்து ஒவ்வொரு கீற்றும் தனக்கென ஒரு ஈர்க்கோடு வெளியே வரும். பூவரசு போன்ற அகல இலை வேறு விதம், காற்று ஏற ஏறத் தன்னையே சுருட்டிக் கூம்பாகிவிடும். அகல இலைகளைக் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை வேகமாக ஓடவிட்டுச் சோதிக்கிற குழாயில்) வைத்துப் பார்த்த சோதனையிலும் இதைத்தான் கண்டார்கள்.

மூதூர் வாசி:
இலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முருங்கைக்கு இலை எவ்வளவு சின்னது, ஆனாலும் கொப்பு மெது, பலத்த காற்றுக்கு முறிந்துவிடும். 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்புப் பக்கம் தென்னந்தோப்புகளே அழிந்து போயின, கீற்றுக் கீற்றான ஓலை இருந்தும் என்ன பயன்?

உப்புவெளி வளவு:
சரி, அப்போ வலை வேண்டாமா? சாப்பாட்டுக்கு முழு இலை எடுக்கிறதென்றால்?

தம்பலகாமம் கமக்காரன்:
இலை வேண்டுமென்றால் அது விரிந்த உடனேயே வெட்டி எடுங்கள். குலைக்கு வலை தேவையில்லை, முட்டுத்தான் தேவை. வாழைக்கு வேர் மேலோட்டம், குலை தள்ளியதும் தலைப்பாரம் வேறு. கச்சான் மேற்கிலிருந்து வருவதால் கிழக்குப் பக்கமாக இரண்டு கம்பைக் கத்தரியாகக் கட்டிக் குலைக்குக் கீழே தண்டில் கொடுங்கள், கயிறு தண்டை வெட்டாமல் சாக்குத்துண்டு வைத்துக் கட்டுங்கள்.