தடுப்பான் தேடினால் ஹெலிகேஸ் வேகமெடுக்கிறது, ஏன்?

கேள்வி: புரத உற்பத்தி தொடங்க ஆர்என்ஏ-வின் இரட்டை இழையைப் பிரித்துவிடும் ஹெலிகேஸ் நொதி ஈஐஎஃப்4ஏ. அதைத் தடுக்கும் சேர்மம் தேடுகிறேன். நொதி ஏடிபி-யை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உடைக்கும்போது வெளிவரும் பாஸ்பேட்டைப் பச்சையாகக் காட்டும் மாலக்கைட் பச்சைச் சோதனையில் ஒரு சேர்மம் மட்டும் பாஸ்பேட்டைக் கூட்டிக் காட்டுகிறது. மூன்று நாளும் அதே கரும்பச்சைதான். என் பிப்பெட் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பதில் 1: சோப்பில் கழுவிய கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டும் பச்சை காட்டும், அனுபவம்! சோதனைத் தட்டில் நொதி இல்லாத குழி, ஆர்என்ஏ இல்லாத குழி இரண்டும் வைத்தீர்களா?

பதில் 2: உண்மையாகவும் இருக்கலாம். நியூசிலாந்துக் கடற்பஞ்சிலிருந்து கிடைத்த பேட்டமீன் ஏ இப்படித்தான். 2005இல் வந்த ஆய்வில், அது ஈஐஎஃப்4ஏ-வின் ஏடிபி சிதைப்பு, இழை பிரிப்பு இரண்டையும் கூட்டியது. ஆனாலும் புரத உற்பத்தி தடைபட்டது. நொதி ஆர்என்ஏ-வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, அதன் கூட்டாளிப் புரதமான ஈஐஎஃப்4ஜி-யோடு சேர்ந்து வேலை செய்வதில்லை. முடுக்கியே முட்டுக்கட்டை! அப்புறம், ஏடிபி செலவை மட்டும் பார்த்து இழை பிரிகிறது என்று எழுதிவிடாதீர்கள். ஒளிரும் சாயமும் அதை அணைக்கும் மூலக்கூறும் ஒட்டிய இரட்டை இழையில் பாருங்கள், இழை பிரிந்தால்தான் ஒளி வரும்.

கேட்டவர்: நொதி இல்லாத குழி மஞ்சள்தான், அதாவது பாஸ்பேட் இல்லை. ஆர்என்ஏ இல்லாவிட்டால் கூடுதலும் இல்லை. அப்பாடா! சாயம் ஒட்டிய இழை வாங்க வழிகாட்டியிடம் பணம் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டமான சோதனை.