சிங்கப்பூர் ஆற்றையும் வைகையையும் ஒப்பிட்டு ஆய்வு செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செல்லூர்_பாவு எழுதியது:

வணக்கம். மதுரையில் பொது நிர்வாகத்தில் பிஎச்.டி. பதிந்து எட்டு மாதம் ஆகிறது. வீடு செல்லூர். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி எங்கள் தெருவுக்குள் வந்தபோது தறியில் ஏற்றியிருந்த பாவு முழுக்க நனைந்து போனது. மழைத் தண்ணீர் மட்டும் என்றால் காயவைத்து ஏதாவது பார்த்திருக்கலாம், வந்தது சாக்கடை கலந்த தண்ணீர். ஆய்வு என்று செய்தால் இதைப் பற்றித்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நெறியாளர் நல்ல மனிதர். சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மை செய்ததை எடுத்து வைகையோடு ஒப்பிடு என்கிறார். மூன்று மாதமாக அதையே படிக்கிறேன். 1977 பிப்ரவரியில் அந்நாட்டுப் பிரதமர் லீ குவான் யூ பத்து ஆண்டுக் கெடு வைக்கிறார், 1987-க்குள் அந்த ஆறும் காலாங் படுகையும் சுத்தமாகிவிடுகின்றன. சுமார் 26,000 குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள் போயின. ஏறக்குறைய ஐயாயிரம் தெருவோர வியாபாரிகள் உணவங்காடிகளுக்குள் போனார்கள். மறுகுடியேற்ற இழப்பீடு சேர்க்காமல் செலவு சுமார் 17 கோடி சிங்கப்பூர் டாலர். எந்த அறிக்கையைத் திறந்தாலும் இதே எண்கள், இதே வரிசை.

எனக்கு உறுத்துவது இரண்டு. இதை அப்படியே வைகைக்குப் பக்கத்தில் வைத்தால், அவர்கள் செய்தார்கள் நாம் செய்யவில்லை என்ற முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், பிறகு முந்நூறு பக்கம் எதற்கு? இன்னொன்று, அந்த 26,000 குடும்பம் என்ற எண்ணுக்குப் பின்னால் போய் ஒரு வீட்டையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் வாய்க்கால் கரையிலும் வீடுகள் இருக்கின்றன, அவர்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு நகரமே நாடாக இருக்கிற ஊரின் கொள்கை ஆய்வை நம் ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது? தலைப்பை மாற்றிவிடலாமா?

மேலூர்க்காரன்_சிங்கை எழுதியது:

தங்கச்சி, நான் ஆய்வாளன் இல்லை. சொந்த ஊர் மேலூர்ப் பக்கம், 2011-இல் இங்கே வந்தேன், இப்போது கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர். ஆனால் இந்த ஊர் அறிக்கைகளைப் படிக்கும்போது ஒரு சொல்லில் நின்று படிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ‘ரெசிடென்ட்’ என்ற சொல். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் அதில் வருவார்கள். 2024 நடுவில் இங்கே மொத்தம் 60.4 லட்சம் பேர், அதில் ரெசிடென்ட் 41.8 லட்சம். மீதி 18.6 லட்சம் பேரில்தான் நான் இருக்கிறேன், என்னோடு விடுதியில் இருக்கிற புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரத்துப் பையன்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேர் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் வசிக்கிறார்கள் என்று படித்திருப்பாய், அது ரெசிடென்ட் கணக்கு. வருமான ஏற்றத்தாழ்வு இவ்வளவு என்று வரும் எண்ணும் ரெசிடென்ட் குடும்பங்களை வைத்துத்தான். அந்த வீடுகளைக் கட்டுகிறவன் இரண்டிலும் இல்லை. பொய் என்று சொல்லவில்லை, அறிக்கையிலேயே தெளிவாக எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எடுத்து எழுதுகிறவர்கள்தான் அந்த ஒரு சொல்லை விட்டுவிடுகிறார்கள்.

2020 ஏப்ரலில் விடுதிக் கதவைப் பூட்டியபோது ஓர் அறையில் நாங்கள் பதினாறு பேர். தினமும் சாயங்காலம் தொற்று எண்ணிக்கை வரும், விடுதிக்கு ஒன்று, ஊருக்குள் ஒன்று என்று தனித்தனியாக. நாங்கள் போனில் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருப்போம். அந்த வருடக் கடைசியில் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நல்லதையும் சொல்ல வேண்டும், எங்களுக்கு வைத்தியம் இலவசம், மூன்று வேளைச் சாப்பாடு வந்தது, எனக்குச் சம்பளமும் நிற்கவில்லை. அப்புறம் 2021-இல் புது விடுதிகளுக்கு விதி போட்டார்கள், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். அதற்கு முன்னால் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டால், நாங்கள் தனிக் கணக்கில் இருந்ததும் ஒரு காரணம் என்பேன். ஒரு கொள்கை யாரை எண்ணுகிறதோ அவர்களுக்குத்தான் வேலை செய்யும். நீ எதை ஆய்வு செய்தாலும் முதலில் அதைப் பார்.

பழைய_மதகு எழுதியது:

அம்மா, நான் நீர்ப்பாசன வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நேராகச் சொல்கிறேன், இரண்டு ஆறுகளையும் ஒப்பிடாதே. சிங்கப்பூர் ஆறு மூன்றேகால் கிலோமீட்டர். காலையில் ஒரு முனையில் நடக்க ஆரம்பித்தால் டீ குடிக்கும் நேரத்துக்குள் கடல் முகத்துக்குப் போய்விடலாம். வைகை 258 கிலோமீட்டர், வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டம் போகிறது. சிங்கப்பூரில் ஆற்றில் வந்து விழும் ஒவ்வொரு சொட்டும் ஒரே அரசாங்கத்தின் நிலத்தில் பெய்தது. வீடு கட்டுவது, சாக்கடை போடுவது, கடைக்கு உரிமம் கொடுப்பது, நிலம் எடுப்பது எல்லாம் ஒரே அமைச்சரவைக்குக் கீழே. இங்கே ஆறு நீர்வளத் துறையுடையது, பாதாளச் சாக்கடை மாநகராட்சியுடையது, அணை தேனி மாவட்டத்தில், அணைக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர் கேரளத்திலிருந்து. நான் வேலையில் இருந்தபோது ஒரு வாய்க்காலில் அடைத்திருந்த கட்டடக் கழிவை எடுப்பதற்குக் கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் பதினெட்டு மாதம் போய் வந்தது. கரை ஒருவருடையது, உள்ளே கிடந்த மண் இன்னொருவருடையது. மழை மட்டும் யாரையும் கேட்காமல் வந்துவிட்டது.

நிலச் சட்டத்தையும் பார்க்காமல் விட்டுவிடாதே, அறிக்கைகளில் அது ஓரமாகத்தான் வரும். சிங்கப்பூரில் 1966-இல் நில எடுப்புச் சட்டம் வந்தது. 1973-இல் திருத்தம் செய்து, அந்த வருடம் நவம்பர் 30 அன்றைய விலை, எடுப்பு அறிவிக்கும் நாளின் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு என்று வைத்தார்கள். அடிப்படைத் தேதியை இடையிடையே மாற்றினாலும் சந்தை விலை முழுதாகக் கிடைத்தது 2007-க்குப் பிறகுதான். ஆற்றைச் சுத்தம் செய்த பத்து வருடமும் இந்தச் சட்டம் கையில் இருந்தது. நம்மிடம் 2013 சட்டம் இருக்கிறது, இழப்பீடு, மறுவாழ்வு, சமூகத் தாக்க மதிப்பீடு எல்லாம் அதில் உண்டு. எனக்கு நம் சட்டம்தான் நியாயமாகப் படுகிறது, கால தாமதம் ஆனாலும். இதை எழுதாமல் பத்து வருடத்தில் முடித்தார்கள் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று நெறியாளர் சொன்னால் ஒன்று சொல்கிறேன். இரண்டு ஊரும் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்கின்றன. முல்லைப் பெரியாற்றுக்கு 1886-இல் திருவிதாங்கூரோடு போட்ட குத்தகை, 999 வருடம். இன்றைய மலேசியாவில் உள்ள ஜொகூர் ஆற்றுக்குச் சிங்கப்பூர் 1962-இல் போட்ட ஒப்பந்தம், 99 வருடம், நாளுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம், 2061-இல் முடிகிறது. முடியும் தேதி தெரிந்ததால் அவர்கள் என்ன செய்தார்கள் பார். கழிவுநீரைச் சுத்திகரித்து 2003-இல் நியூவாட்டர் கொண்டுவந்தார்கள், 2008-இல் மரினா அணைக்கட்டு, அதற்குத் தண்ணீர் வடியும் பரப்பு மட்டும் அந்தத் தீவில் ஆறில் ஒரு பங்கு. நீ படித்த அந்த ஆறு இன்றைக்கு அந்த நீர்த்தேக்கத்துக்குள்தான் விழுகிறது. ஆற்றை அழகுக்காகவா சுத்தம் செய்தார்கள்? குடிக்கிற தண்ணீராகப் பார்த்தார்கள். நமக்கு 999 என்று இருக்கவே கண்மாய்களை விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். உயர் நீதிமன்றக் கிளை நிற்கிற உலகனேரி ஒரு கண்மாய். வண்டியூர்க் கண்மாய் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதையாவது போய்ப் பார்.

ஆழ்வார்புரம்_கரை எழுதியது:

நான் அதிகம் படிக்கவில்லை, மகன் போனில் காட்டினான், அதனால் எழுதுகிறேன். எங்களையும் ஆற்றங்கரையிலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வைத்தார்கள். வீடு நல்ல வீடுதான், கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது, தண்ணீர் வருகிறது. ஆனால் நான் காலை நாலு மணிக்குப் பூ வாங்கி, கட்டி, ஆறு மணிக்குக் கோயில் வாசலில் விற்கிறவள். அங்கிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, ஆட்டோவுக்குக் கொடுத்தால் பூவில் மிச்சமில்லை. ஆறு மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். கணக்கில் நான் வீடு பெற்றவள். அந்த வெளிநாட்டில் கடை போட்டிருந்தவர்களுக்குப் புது இடத்தில் வியாபாரம் ஆனதா என்று கேட்டு எழுதம்மா.

சுவடிக்கூடம் எழுதியது:

ஐயா ஒப்பிடாதே என்கிறார், எனக்கு உடன்பாடு இல்லை. ஆறுகளை ஒப்பிட வேண்டாம், அது சரி. பூக்கார அக்கா கேட்ட கேள்வியை இரண்டு ஊரிலும் கேட்டால் அது ஒப்பீடுதான், அதுவும் நியாயமான ஒப்பீடு.

அதற்குச் சான்று எங்கே என்றால், சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இலிருந்து இயங்குகிறது. தூய்மைப் பணி நடந்துகொண்டிருந்த அதே காலம். படகுக்காரர்கள், வியாபாரிகள், அதிகாரிகள் என்று பலதரப்பட்டவர்களும் பேசிய பதிவுகள் இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். சரக்குத் தோணிகளை 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள், அந்த வருடத்துச் செய்தித்தாள்களிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த ஊர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் ஆய்வு செய்கிறவர்கள் பலருக்கு அதைப் படிக்க முடியாது, உங்களுக்கு முடியும். செல்லூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் புதிதாக ஏதாவது சொல்ல முடியும் என்றால் அது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனத்தில் வையுங்கள். அங்கே புள்ளிவிவரம் ஒழுங்காக வெளிவரும், ஆனால் வெளியிடாததைச் சட்டப்படி கேட்டு வாங்கத் தகவல் உரிமைச் சட்டம் கிடையாது. இங்கே எதுவும் ஒழுங்காக வெளிவராது, ஆனால் 2005 சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் கட்டி மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். கரையிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களின் பட்டியலையும் இன்று அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் அரைகுறையாக வந்தாலும் மேல்முறையீடு செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள்.

செல்லூர்_பாவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, நேற்று ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேலூர் அண்ணன் சொன்ன பிறகு என் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் நானும் ‘ரெசிடென்ட்’ என்பதை ‘மக்கள்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன், ஏழு இடத்தில். திருத்திவிட்டேன்.

தலைப்பை இப்படி மாற்றிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்: நீர்க்கரையிலிருந்து மாற்றப்பட்டவர்களின் பிழைப்பு, சிங்கப்பூர் 1977 முதல் 1987 வரை, மதுரை இன்று. நிலச் சட்டம் ஒரு அத்தியாயம். ஐயா சொன்ன 999, 99 வருடக் கணக்கு மனசை விட்டுப் போகவில்லை, ஆனால் அது தனியாக ஒரு ஆய்வுக்குரிய விஷயம், இதில் திணித்தால் இரண்டும் கெடும்.

ஆழ்வார்புரத்து அக்கா, உங்களை நேரில் பார்க்க வரலாமா? கோயில் வாசலுக்கே வருகிறேன், வியாபாரம் முடிந்த பிறகு.

ஐயா, ஒரு உதவி. பந்தல்குடி வாய்க்காலை நான் எங்கள் தெருவோடுதான் பார்த்திருக்கிறேன், முழு நீளமும் நடந்ததில்லை. எந்தக் கண்மாய் உபரி எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் சாக்கடை கலக்கிறது என்று நீங்கள் கூட வந்து காட்டினால் வரைபடம் போட்டுவிடுவேன்.

பழைய_மதகு எழுதியது:

வருகிறேன் அம்மா. ஞாயிறு காலை ஆறரை, வாய்க்கால் வைகையில் விழும் இடத்தில் நில். அங்கிருந்து மேலே ஏறி நடப்போம். செருப்பு வேண்டாம், பழைய ஷூ போட்டு வா. அப்பாவுக்கு நேரம் இருந்தால் அவரையும் கூட்டி வா, முன்னே எந்த இடம் வரை தண்ணீர் தெளிவாக இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.