காலிபரேஷனுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது

கலைச்சொல் குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

தமிழ்வழி பி.எஸ்சி. மூணாம் வருஷ லேப் கையேட்டுல ஒரே ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் டைகுரோமேட்டும் கலந்த கரைசல், அதுல எது எவ்வளவுன்னு பிரிக்காமலே ஒளியை விட்டுக் கண்டுபிடிக்கணும். 545 நானோமீட்டர்ல பெர்மாங்கனேட் நல்லா உறிஞ்சும், டைகுரோமேட் கிட்டத்தட்ட உறிஞ்சாது. 440ல ரெண்டும் உறிஞ்சும். ரெண்டோட உட்கவர்தலும் அப்படியே கூடிவரும்ங்கறதால ரெண்டு சமன்பாடு போட்டா முடிஞ்சது. ஆனா இந்த வருஷம் அதோட நிக்காம, செறிவு தெரிஞ்ச பத்துப் பன்னெண்டு கலவை பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் முழு நிறமாலை எடுத்து, மீச்சிறு வர்க்க முறையில (least squares, பிழைகளோட வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவா வர்ற மாதிரி பொருத்துறது) செறிவோட முடிச்சுப்போட்டு, அப்புறம் தெரியாத கலவையை அதுல வாசிக்கணும்னு வெச்சிருக்கோம்.

இந்த முடிச்சுப்போடுற வேலைதான் காலிபரேஷன். போன வருஷம் "அளவுத்திருத்தம்"னு போட்டோம். ஒரு பையன் ரெக்கார்டு நோட்டுல 0.412ங்கற அளவை அழகா அடிச்சுட்டு மேல 0.430னு எழுதியிருந்தான். கேட்டா, "மேடம், தலைப்பே அளவுத்திருத்தம்தானே, கோட்டுல உக்காராத புள்ளியத் திருத்தினேன்"ங்கறான். அவன் மேல தப்பே இல்ல, சொல்லு மேலதான் தப்பு. நாம திருத்துறது எதையும் இல்லையே, தெரிஞ்சதைக் காட்டித் தெரியாததை வாசிக்கப் பழக்குறோம். திங்கள் காலைக்குள்ள நல்ல சொல் ஒண்ணு வேணும், உதவுங்க.

— ஆசிரியை, திருநெல்வேலி

---

அன்புள்ள அம்மா,

வள்ளுவர்கிட்டயே இருக்கே. "சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்" (குறள் 118). தராசு முதல்ல தான் சமனா நின்னுட்டு அப்புறம்தான் பாரத்தைத் தூக்குது. நீங்க சொல்ற ரெண்டு படியும் ஒரே அடியில வந்திருச்சு, "சமன்செய்தல்"னு போடுங்க, எந்த மாணவனுக்கும் விளக்கம் தேவைப்படாது. இன்னொண்ணு பாருங்க, அதே குறள்ல தொடர்ந்து "ஒருபால் கோடாமை"ங்கறார். கோடுதல்னா வளையுறது. கோடுன்னா வரியும்தான், மலைச்சிகரமும்தான், யானைத் தந்தமும்தான், இதெல்லாம் ஒரே வேர்லேருந்து கிளைச்சதுன்னு ஒரு தனி மடலே எழுதலாம்.

— ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

---

> "சமன்செய்தல்"னு போடுங்க

ஐயா, குறள் அருமை, ஆனா அது காலிபரேஷன் இல்ல. வெறும் அமிலக் கரைசலை மட்டும் க்யூவெட்ல (ஒளி ஊடுருவுற சின்னக் குப்பியில) ஊத்தி, ஒளி உறிஞ்சலை அளக்கிற மெஷின்ல வெச்சு சைபர் ஆக்குவோம் பாருங்க, பிளாங்க்னு சொல்லுவோம், சமன்செய்தல் அதுக்குத்தான் கச்சிதம். சைபர் ஆக்கின மெஷினுக்கு இன்னும் எந்தச் செறிவும் தெரியாது. அது தெரியணும்னா தெரிஞ்ச மாதிரி வேணும்.

நான் மருந்துக் கம்பெனி லேப்ல பதினெட்டு வருஷமா இருக்கேன். ஷிஃப்ட்ல இருக்கிற எல்லாரும் தமிழ்தான் பேசுறோம், "காலிபரேஷன் போட்டாச்சா?"ன்னுதான் கேக்குறோம். பசங்க நாளைக்கு வேலைக்கு வந்து நிக்கப்போறது இங்கதான். காலிபரேஷன்னே போட்டுட்டுப் போங்க மேடம்.

— ஓசூர்

---

அண்ணன் இப்படி விட்டுக்கொடுத்தா அப்புறம் இந்தக் குழுவே எதுக்கு? காலிபரேஷனோட வேரைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்க. காலிபர், அதுக்கும் பின்னால அரபுல காலிப், அப்படின்னா அச்சு, வார்ப்பு. நம்மகிட்ட அதே பொருளுக்கு "கட்டளை" இருக்கு. செங்கல் அறுக்கிற அச்சும் கட்டளைதான். பொன்னை உரைச்சுப் பாக்கிற கல்லும் கட்டளைக்கல்தான், குறள் 505ல வருது.

ஆசாரி என்ன பண்ணுவார்? மாற்று (பொன்னோட தரம்) தெரிஞ்ச உரையாணி வரிசையா வெச்சிருப்பார். கொண்டுவந்த நகையைக் கல்லுல ஒரு இழுப்பு, பக்கத்துல ஆணியை ஒரு இழுப்பு, ரெண்டு கோட்டோட நிறத்தையும் பாத்து இது எந்த மாற்றுன்னு சொல்லிடுவார். தெரிஞ்சதைப் பக்கத்துல வெச்சுத் தெரியாததை நிறத்தால அளக்குறது, அக்கா கேட்ட பரிசோதனை அப்படியே இதுதானே! "கட்டளையிடல்"னு போடுங்க.

— மதுரை

---

தம்பி, உரையாணி உவமையை அப்படியே கையேட்டுல எடுத்துக்கிறேன், நிஜமாவே உடம்பு சிலிர்த்துருச்சு. ஆனா கட்டளைன்னா இன்னிக்குப் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் கமாண்ட்தான். அடுத்த பக்கத்துலயே மென்பொருள்ல "இந்தக் கட்டளையை இடவும்"னு எழுதியிருக்கேன், ரெண்டும் மோதும். "தரப்படுத்தல்" எப்படி இருக்கும்?

— திருநெல்வேலி

---

வணக்கம். தயவுசெய்து தரப்படுத்தல் வேண்டாம். 1970களில இலங்கையில பல்கலைக்கழக அனுமதிக்குப் பரீட்சைப் புள்ளிகளைத் தரப்படுத்தினதால எங்கட பிள்ளைகள் எத்தனை பேர் வெளியில நிண்டவை, அந்தச் சொல்லைக் கேட்டா எங்கட வீட்டில இண்டைக்கும் ஆரும் ஆய்வுகூடத்தை நினைக்கமாட்டினம். அதோட அது வேற வேலை, கரைசலின்ர செறிவைச் சரியாக் கண்டுபிடிச்சு வைக்கிறதுதான் தரப்படுத்தல், நியமிப்பில (டைட்ரேஷனில) செய்யிறது.

நாங்கள் படிக்கேக்க "அளவுகோடிடல்" எண்டு சொன்னனாங்கள். கண்ணாடிக் குழாயில கோடு போடுறது கண்ணுக்கு முன்னால தெரியும். அதை ஏன் ஒருத்தரும் யோசிக்கேல்ல?

— மட்டக்களப்பு

---

> அளவுகோடிடல்

எனக்குப் பிடிச்சிருக்கு, ஒரு அலைநீளத்துல ஒரு பொருள்னா இதான் சரி, ஏன்னா அங்க நிஜமாவே ஒரு நேர்கோடு வரைவோம். 1760ல லாம்பர்ட்டும் 1852ல பீரும் சொன்னபடி உட்கவர்தல் செறிவோட நேரா ஏறும். (செறிவு ரொம்பக் கூடினா வளையும், தஞ்சாவூர் ஐயா சொன்ன கோடுதல் அங்க வந்துரும்!) ஆனா முழு நிறமாலையையும் எடுத்தா நூத்துக்கணக்கான அலைநீளம், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுக் கிடக்கும், அங்க கோடுன்னு ஒண்ணைக் காட்ட முடியாது. சுவீடன்ல ஸ்வாண்டே வோல்டு மாதிரி ஆளுங்க பகுதி மீச்சிறு வர்க்க முறையை (partial least squares) வேதியியலுக்குக் கொண்டுவந்ததே இந்தப் பின்னலைச் சமாளிக்கத்தான்.

காலிபரேஷன் வேண்டாம்னா "அளவிணக்கம்" பாருங்க. நிறமாலையையும் செறிவையும் இணக்குறது. பலமாறி அளவிணக்கம் (ஒரே நேரத்துல பல அலைநீளத்தை வெச்சுப் பண்றது), அளவிணக்க மாதிரிகள், அளவிணக்க வளைவு, எல்லாத்துலயும் ஒட்டுது.

— ஓசூர்

---

இணக்கம்னா மனசு ஒத்துப்போறது. கருவியும் கரைசலும் என்ன சம்பந்தி வீடா? "இணக்கல்"னு செயப்படுபொருள் குன்றாத வினையாவாவது வையுங்க.

— தஞ்சாவூர்

---

எல்லாருக்கும் நன்றி. மணி பதினொண்ணே முக்கால், அச்சகத்துல ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. இதுவரை கை தூக்கினவங்கள்ல ஆறு பேர் அளவிணக்கம், ரெண்டு பேர் காலிபரேஷன், மட்டக்களப்பு ஐயா அளவுகோடிடல், மதுரைத் தம்பி கட்டளை. அளவிணக்கம்னே போடுறேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் "காலிபரேஷன் எனப்படும்"னு சேர்த்துக்கிறேன். ஒரு பொருள் மட்டும் இருக்கிற முதல் பரிசோதனையில அளவுகோடு வரையவும்னு எழுதியிருக்கேன், அங்க அது அழகா உக்காருது. பிளாங்குக்கு வள்ளுவர் சொல்லே, சமன்செய்தல். தலைப்புக்குக் கீழ தடித்த எழுத்துல ஒரு வரி: "புள்ளி கோட்டை விட்டு விலகினாலும் பதிவு செய்த அளவை மாற்றக் கூடாது."

— திருநெல்வேலி

---

அக்கா, அச்சுக்குப் போனது போகட்டும், நான் ஒத்துக்கல. ஆசாரி ஆணியைக் கல்லோட இணக்குறதில்ல, கல்லுல உரைக்கிறார். அடுத்த பதிப்புக்கு "உரையளவு"ன்னு ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன், நாளைக்கு விரிவா எழுதுறேன்.

— மதுரை