ரிலே 'டிக்' எண்டு அடிக்குது, இக்னிஷன் கொயிலுக்கு கரண்ட் இல்லை: என்ன பார்க்கலாம்?

கல்லடிப் பக்கம் நிற்கிற பழைய ஜப்பான் கார், பெற்றோல். காலையில ஒரே திருப்பில ஸ்டார்ட். மத்தியான வெயிலில ஒரு மணித்தியாலம் நிண்டா ஸ்டார்ட்டர் சுத்தும், ஸ்பார்க் வராது. ஸ்பார்க் தாற இக்னிஷன் கொயிலுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்தான் இந்த ரிலே.

அந்த நேரத்தில மீட்டர் வச்சுப் பார்த்தது, ரிலே சொருகியபடி சொக்கட்டுக்கு அடியில, வயர் பக்கம்: சாவி ஓன், 30இல (கரண்ட் வாற கால்) 12.4 வோல்ட், 86இல (ரிலேயை இழுக்க வைக்கிற பிளஸ்) 12.3, 85க்கும் (அதுக்கான ஏர்த்) பற்றரி மைனஸுக்கும் இடையில 0.05. ஆக ஏர்த் சரி. 87இல (இக்னிஷன் கொயிலுக்குப் போற கால்) பூச்சியம்! 'டிக்' சத்தத்தை நம்பி ரிலே நல்லம் எண்டு விட்டுடாதீங்க. ரிலேக்குள்ள இருக்கிற கொயில் இழுத்தாலும் கொன்ரக்ட் கருகியிருந்தா கரண்ட் தாண்டாது.

ரிலேயைக் கழற்றி, 15 அம்பியர் பியூஸ் போட்ட வயரால 30ஐயும் 87ஐயும் இணைச்சா உடனே ஸ்பார்க் வருது. புது ரிலே போட்டும் நாலாம் நாள் அதே கதை. சொக்கட்டில 30ஆம் நம்பர் கிளிப் மட்டும் மண்ணிறமாக் கருகி, ரிலே காலைப் பிடிக்காம லூசா இருக்கு. பக்கத்துக் கிளிப்பில பச்சைக் களிம்பு, கடல் காத்து வேலைதான்.

கேள்வி ரெண்டு. 6.3 மில்லிமீற்றர் கிளிப்பை மட்டும் மாத்தினாக் காணுமா, முழு சொக்கட்டும் வேணுமா? இக்னிஷன் கொயில் பிளஸில இருக்கிற ரேடியோ கொண்டென்சர் (ரேடியோ இரைச்சலைக் குறைக்கிறது) சூட்டில லீக்காகி கூடுதல் அம்பியர் இழுக்குமா? கழற்றி ஓடிப் பார்த்தவங்க சொல்லுங்க.